பழைய பவர் கண்டிஷனர் வாங்கப் போறீங்களா, மூடியக் கழட்டிப் பாத்துட்டு காசு குடுங்க

பவர் கண்டிஷனர்னா, பாட்டுக் கேக்குற செட்டுக்குப் போற கரண்டுல உள்ள கோளாறத் தடுக்குற பெட்டி. அது ஒண்ணு பழசுல வருது, வாங்கப் போறேன்னு வீட்டுல சொன்னப்ப என் தங்கச்சி மகன் கேட்டான், "மாமா, கண்டிஷனர் தலைக்குத் தேய்க்கதுல்லா, அதப் போயி யாராவது பழசா வாங்குவாங்களா?" எல்லாரும் சிரிச்சாங்க, ஆனா பய கேட்டதுல விஷயம் இருக்கு. இந்தப் பெட்டியும் பொழங்கப் பொழங்க உள்ள தீந்துக்கிட்டே வர்ற சாமான்தான், வெளிய பாத்தா பளபளன்னு பச்ச லைட்டு எரியும், உள்ள வேல செய்யுற சரக்கு என்னைக்கோ செத்துருக்கும். ஆம்ப்ளிஃபயர் பழசு வாங்கினா பாட்டுப் போட்டுக் கேட்டே பாதி கண்டுபிடிச்சிரலாம், இதுல அப்படிக் கேட்டுப் பாக்க ஒண்ணும் கெடையாது. நான் ரெண்டு தடவ காச விட்டுட்டுத்தான் கத்துக்கிட்டேன், புதுசா ஹை-ஃபை பக்கம் வந்தவங்க அந்தக் காச மிச்சம் பிடிக்கட்டும்னு எழுதுதேன்.

மொதல்ல நம்ம கரண்டு எப்படின்னு பாக்கணும். எங்க வீடு மார்த்தாண்டத்துக்கும் களியக்காவிளைக்கும் நடுவுல, ரோட்ட விட்டு உள்ள தள்ளி. லைன் வர்றது முழுக்க ரப்பர் தோட்டத்துக்கும் தென்னைக்கும் நடுவுலதான், காத்து அடிச்சா மட்டை விழும், கம்பியும் கம்பியும் உரசும், கரண்டு போயி வந்து போயி வரும். தென்மேற்கு மழையும் நமக்குத்தான் வடகிழக்கு மழையும் நமக்குத்தான், அது போக சித்திரை வைகாசியிலயும் ஐப்பசியிலயும் மத்தியானம் தாண்டினா இடி. காகிதத்துல நமக்கு வர வேண்டியது 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ். 1956 மின்சார விதியில இதுல 6 சதவீதம் கூடலாம் கொறையலாம்னு போட்டிருந்தாங்க, அதாவது ஏறக்குறைய 216லேந்து 244 வரைக்கும். சாயங்காலம் ஊரே மோட்டர் போடுற நேரத்துல என் மீட்டர் 190 காட்டுனதும் உண்டு.

இதுல கரண்டுக்கு வர்ற நோவு ஒண்ணு ரெண்டு இல்ல, ஒவ்வொண்ணுக்கும் மருந்து வேற, இது புரியாமத்தான் பாதிப் பேரு தப்பான பெட்டிய வாங்கிட்டு வாராங்க. வோல்டேஜ் கொறைஞ்சு கெடக்கது ஒரு நோவு, அதுக்கு மருந்து ஸ்டெபிலைசர். 1977ல கொச்சியில வி-கார்ட் தொடங்கினதே ஸ்டெபிலைசர் செஞ்சுதான், டிவிக்குப் பக்கத்துல 'டக் டக்'குன்னு ரிலே சத்தம் போட்டுக்கிட்டு இருந்த பெட்டி ஞாபகம் இருக்கும். ஒரு நொடியில ஆயிரத்துல ஒரு பங்கு நேரம் கூட இல்லாம சட்டுனு வோல்டேஜ் எகிறுதே, இடி, லைன் போயி வர்றது, பக்கத்து வீட்டு மோட்டர் நிக்கது, இதெல்லாம் ஸ்பைக், அதுக்கு சர்ஜ் புரொடக்‌ஷன். எல்ஈடி பல்பு, ஃபோன் சார்ஜர், மிக்சி இதுங்க லைன்ல போடுற குப்ப சத்தம் வேற, அதுக்கு ஃபில்டர். பவர் கண்டிஷனர்னு பேரு எழுதி விக்கதுல பெரும்பாலானது இந்தக் கடைசி ரெண்டுக்கு மட்டும்தான் மருந்து. உள்ள 190 வந்தா வெளியவும் 190தான் போகும். வோல்டேஜையும் சேத்து சரி பண்ணுற கண்டிஷனர் உண்டு, ஆனா அது எடை கூட, உள்ள கனமா டிரான்ஸ்ஃபார்மர் இருக்கும், விலையும் வேற. உங்க வீட்டுல பிரச்சன லோ வோல்டேஜ்தான்னா இந்தக் கட்டுரைய இங்கயே நிறுத்திட்டு நல்ல ஸ்டெபிலைசர் ஒண்ணு வாங்கிக்கிடுங்க, நெஜமாத்தான் சொல்லுதேன்.

சரி, உள்ள என்ன இருக்கு. குளத்துக்கு மறுகால் கட்டியிருப்பாங்கல்லா, தண்ணி அந்த மட்டத்துக்குக் கீழ இருக்க வரைக்கும் அது சும்மா கல்லுதான், மட்டத்தத் தாண்டினா வழிஞ்சு ஓடைக்குப் போயிரும், கரை தப்பிக்கும். கண்டிஷனருக்குள்ள அந்த மறுகால் வேலைய செய்யுறது எம்ஓவி, வேரிஸ்டர்னும் சொல்லுவாங்க, ஒரு ரூபா காசு அளவுல வட்டமா, பெரும்பாலும் நீலக் கலர்ல, ரெண்டு காலு வச்சு நிக்கும். சாதாரண வோல்டேஜ்ல அது கரண்ட விடாது, வோல்டேஜ் அதுக்குன்னு வச்ச மட்டத்தத் தாண்டினா உடனே வழி விட்டு, எகிறி வந்தத அது வாங்கிக்கிடும். ஆனா ஒவ்வொரு வெள்ளத்துக்கும் மறுகால் கல்லு கொஞ்சம் அரிக்கும்லா, அதே கததான் இங்கயும், ஒவ்வொரு ஸ்பைக்குக்கும் எம்ஓவி கொஞ்சம் தேயும். டப்பாவுல 2000 ஜூல் 3000 ஜூல்னு, அதாவது எவ்வளவு அடி வாங்கும்னு, போட்டிருக்கதெல்லாம் புதுசா இருக்கையில உள்ள கணக்கு. பத்து வருஷம் எவன் வீட்டுலயோ இடி வாங்கின பெட்டியில எத்தன ஜூல் மிச்சம் இருக்குன்னு வெளிய எங்கயும் எழுதியிருக்காது.

ஃபில்டர் பக்கம் சிம்பிள்தான். ஒரு வளையத்துல ரெண்டு கம்பியையும் சேத்துச் சுத்தின சோக், லைனுக்கும் நியூட்ரலுக்கும் நடுவுல எக்ஸ் வகை கெப்பாசிட்டர், ரெண்டுலேந்தும் எர்த்துக்கு ஒய் வகை கெப்பாசிட்டர். சல்லடை மாதிரி, 50 ஹெர்ட்ஸ விடும், மேல உள்ள பொடி சத்தத்தத் தடுக்கும். இதுவும் வயசாகும், ஆனா எம்ஓவி அளவுக்கு அவசரமா இல்ல.

இதுக்கு மேல ஒரு ஜாதி இருக்கு, ரீஜெனரேட்டர். வர்ற கரண்ட டிசியாக்கி, அதுலேந்து புதுசா ஒரு சைன் அலைய, அதாவது வழுவழுன்னு ஏறி எறங்குற சுத்தமான அலைய, உருவாக்கிக் குடுக்கும், பிஎஸ் ஆடியோங்கிற கம்பெனிக்காரங்க பவர் பிளான்ட்ன்னு இத வச்சுத்தான் பேரு வாங்கினாங்க. கிட்டத்தட்ட அதுவே ஒரு பெரிய ஆம்ப்ளிஃபயர், சூடாகும். அவங்க பழைய பி300 300 வாட்தான், டர்ன்டேபிள் சிடி பிளேயர் பிரீஆம்ப் வரைக்கும் தாங்கும், பவர் ஆம்ப், அதாவது ஸ்பீக்கர ஓட்டுற பெரிய ஆம்ப்ளிஃபயர், அதுல மாட்டக் கூடாது. ரிப்பேர் வந்தா நம்ம பக்கம் கை வைக்க ஆளும் கம்மி, அதனால தொடக்கக்காரங்களுக்கு நான் சொல்ல மாட்டேன்.

இப்ப என்னோட மொத நட்டம். எங்க ஊர்ப் பக்கம் வீட்டுக்கு ஒரு ஆளு வெளிநாடு, லீவுக்கு வரும்போது எதாவது கொண்டு வருவாங்க, அது நாலு வருஷம் அலமாரியில இருந்துட்டு விலைக்கு வரும். அப்படி பாறசாலைக்கு அந்தப்பக்கம் ஒரு வீட்டுல கண்டிஷனர் இருக்குன்னு கேள்விப்பட்டு பைக்க எடுத்துட்டுப் போனேன், முன்பக்கம் அலுமினியம், நீல டிஸ்பிளே, தூசி கூட இல்ல. அந்த சேட்டனும் "ஒரு குழப்பமும் இல்லா, தொட்டதே இல்லா"ன்னு சொன்னாரு, அவரு பொய் சொல்லல, நெஜமாவே தொட்டதில்லதான். வீட்டுக்குக் கொண்டு வந்து அடாப்டர் மாட்டி சுவிட்சப் போட்டேன், டிஸ்பிளே ஒரு தடவ மினுங்குச்சு, டப்புன்னு ஒரு சத்தம், கருவாட்டுச் சட்டி தீஞ்ச மாதிரி ஒரு நாத்தம், மூணு நாளைக்கு அந்த ரூம்ல போகல. பின்னால பிளேட்டத் திருப்பிப் பாத்தா 120 வோல்ட், 60 ஹெர்ட்ஸ், 15 ஆம்பியர். அமெரிக்கா சாமான்.

ஏன் வெடிச்சிதுன்னு கணக்குப் போட்டுப் பாருங்க. நம்ம 230 வோல்ட்டுங்கது சராசரி மாதிரி ஒரு கணக்கு, அலையோட உச்சி 325 வோல்ட் போகும். 120 வோல்ட் பெட்டியில போட்டிருக்க எம்ஓவி 200 வோல்ட்டுக்குப் பக்கத்துல வழிய ஆரம்பிக்கும். அப்ப நம்ம லைன்ல மாட்டினா ஒவ்வொரு அலைக்கும் ரெண்டு தடவ, நொடிக்கு 100 தடவ மறுகால் தாண்டி வெள்ளம், எந்தக் கல்லு நிக்கும். ஸ்டெப்-டவுன் டிரான்ஸ்ஃபார்மர் போட்டு 110 ஆக்கிக்கிடலாம்னு சிலரு சொல்லுவாங்க, ஆனா உங்க ஆம்ப் 230லல்லா ஓடணும், பெட்டிய 110ல வச்சு என்ன செய்ய. சவூதியிலேந்து வர்ற சாமான்லயும் இதப் பாக்கணும், அங்க ரொம்ப காலம் 127 வோல்ட் இருந்திச்சு, இன்னும் 60 ஹெர்ட்ஸ்தான், 60க்குன்னே செஞ்ச டிரான்ஸ்ஃபார்மர 50ல ஓட்டினா கூடுதலா சூடாகும். ஃபர்மன்ங்கிற கம்பெனி கண்டிஷனர்ல மாடல் பேருக்குக் கடைசியில தனியா 'ஈ' எழுத்து இருந்தா 230 வோல்ட் நாடுகளுக்குச் செஞ்சது, ஆனா எழுத்த மட்டும் நம்பாதீங்க, பின்னால ஒட்டியிருக்க பிளேட்ட ஃபோட்டோ எடுத்து அனுப்பச் சொல்லுங்க, அது வராம வண்டிய எடுக்காதீங்க. பின்பக்க சாக்கெட்டப் பாத்தாலே ஒரு அறிகுறி கெடைக்கும், ரெண்டு தட்டைக் கீத்தும் கீழ ஒரு ஓட்டையும் உள்ள அமெரிக்கா சாக்கெட்டு வரிசையா இருந்தா நூத்துக்குத் தொண்ணூறு 120தான்.

ரெண்டாவது நட்டம் கொஞ்சம் நுணுக்கமானது. கோயில் கொடை, சர்ச் திருவிழான்னு மைக்செட் போடுற அண்ணாச்சி ஒருத்தரு தொழில மாத்துறாரு, ரேக்குல மாட்டுற கண்டிஷனர் ஒண்ணு குடுக்காருன்னு தெரிஞ்சுது, முன்னால ரெண்டு பக்கமும் இழுத்தா வெளிய வர்ற குட்டி லைட்டு, பின்னால எட்டு சாக்கெட்டு. இந்தத் தடவ பிளேட்டப் பாத்தேன், 230, 10 ஆம்பியர். மாட்டிப் பாத்தேன், எல்லா சாக்கெட்டுலயும் கரண்டு வருது. சந்தோஷமா வாங்கிட்டு வந்து ஒரு வருஷம் ஓட்டினேன். ஒரு நாளு எங்க ரேடியோக் கடை அண்ணன் வீட்டுக்கு வந்தவரு, தூக்கி ஒரு குலுக்கு குலுக்கினாரு, உள்ள எதோ கிலுகிலுன்னுச்சு. மூடியக் கழட்டினா எம்ஓவி இருந்த எடத்துல ரெண்டு கருகின காலு மட்டும் நிக்கிது, வட்டம் செதறி அடியில தூளாக் கெடக்கு, போர்டுல பீடி சுட்ட மாதிரி கருப்பு. சிரிச்சுட்டு சொன்னாரு, "லேய், ஒரு வருஷமா நீ இந்தக் காசுக்கு ஒரு எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் வச்சிருந்திருக்கே." திருவிழாவுல ஜெனரேட்டர் மாறும்போது அடிச்ச அடியில போயிருக்கும்னு அவரு கணக்கு. பெட்டி தன் வேலையச் செஞ்சுட்டுத்தான் செத்திருக்கு, அண்ணாச்சிக்கும் தெரியல எனக்கும் தெரியல. எம்ஓவி போனாலும் பல பெட்டியில கரண்டு பாட்டுக்குப் போயிக்கிட்டே இருக்கும், சிலதுலதான் 'புரொடக்‌ஷன் ஓகே'ன்னு ஒரு லைட்டு அணைஞ்சு காட்டிக்குடுக்கும்.

அதனால மூடியக் கழட்டுறதுதான் இதுல முக்கியம். பிளக்க உருவிட்டு ஒரு பத்து நிமிஷம் விடுங்க, கெப்பாசிட்டர்ல கரண்டு தங்கியிருக்கும், எலக்ட்ரிக் வேல பழக்கம் இல்லன்னா கையே வைக்காதீங்க, ரேடியோக் கடைக்காரர கூட்டிட்டுப் போங்க, அவருக்கு ஒரு டீயும் பஜ்ஜியும் போதும். உள்ள அந்த வட்டத்துல பொடி எழுத்து இருக்கும், உதாரணத்துக்கு 20டி431கே. 20ங்கது வட்டத்தோட குறுக்களவு மில்லிமீட்டர்ல, 431ங்கது 43க்குப் பின்னால ஒரு சைபர், அதாவது 430 வோல்ட்ல வழிய ஆரம்பிக்கும், 275 வோல்ட் ஏசி லைனுக்குப் பொருத்தம், நமக்கு இதுதான் வேணும். 471 இருந்தா 300 வோல்ட் ஏசிக்கு உள்ளது, அதுவும் நம்ம பக்கத்துக்கு நல்லதுதான், வோல்டேஜ் கொஞ்சம் கூடினா தாங்கும். 201ன்னோ 241ன்னோ பாத்தீங்கன்னா மூடிய மாட்டிட்டு வணக்கம் சொல்லிட்டு வந்துருங்க, 120 வோல்ட் சரக்கு. வட்டத்துல வெடிப்பு, கருப்பு, பொருமல் இருக்கான்னு பாருங்க. பக்கத்துல சூடானா அறுந்து போற தெர்மல் ஃபியூஸ் இருக்கணும், அது இருக்க எடத்துல யாராவது ஒரு கம்பியப் போட்டு ஈயத்தால பத்த வச்சிருந்தா அந்தப் பெட்டியத் தொடாதீங்க, எம்ஓவி சாகும்போது சில நேரம் தீப்பிடிக்கும், அத நிறுத்துறதே அந்த ஃபியூஸ்தான். முன்பக்க ஃபியூஸையும் கழட்டிப் பாருங்க, நம்மாளுங்க வெள்ளி பேப்பர் சுத்தி வச்சிருக்கத நான் கண்ணால பாத்திருக்கேன்.

ஒரு நல்ல சேதி, எம்ஓவி செத்தது மட்டும்தான் கொறைன்னா பெட்டி வீண் இல்ல. அந்த வட்டம் சில்லறைக் காசுக்குக் கெடைக்கும், அதே நம்பர்ல, அதே அளவோ அதவிடப் பெரிய வட்டமோ போட்டு மாத்திக்கிடலாம். நான் இப்ப பழசு எது வாங்கினாலும் நல்லா இருந்தாலும் எம்ஓவிய மாத்திட்டுத்தான் ஓட்டுதேன். விலை பேசும்போதும் அதச் சொல்லியே பேசுவேன், புதுசு விலையில மூணுல ஒரு பங்குக்கு மேல குடுக்கதில்ல. எம்ஓவிய நம்பாம பெரிய காயில் வச்சு ஸ்பைக்க அடக்குற சீரிஸ் வகையும் உண்டு, சர்ஜ்எக்ஸ் கம்பெனிது அந்த மாதிரி, அது பழசுலயும் தெம்பா இருக்கும், நம்ம வோல்ட்டேஜுக்கு உள்ளது கெடைச்சா விடாதீங்க.

விக்கிறவரு வீட்டுல சோதிக்கணும்னா ரெண்டு சாமான் கொண்டு போங்க, ஒரு மல்டிமீட்டர், ஒரு இஸ்திரிப்பெட்டி. சிரிக்காதீங்க. மொதல்ல முடிஞ்சா சீரிஸ் பல்பு வழியா, அதாவது லைன் கம்பிக்கு நடுவுல ஒரு பல்ப மாட்டி, பெட்டிக்குக் கரண்டு குடுங்க, 100 வாட் குண்டு பல்பு முழு வெளிச்சத்துல எரிஞ்சா உள்ள ஷார்ட்டு, எரியாம இருந்தா இல்ல லேசா மினுங்கினா பயமில்ல. அப்புறம் நேரா மாட்டி ஒவ்வொரு சாக்கெட்டுலயும் 1000 வாட் இஸ்திரிப்பெட்டிய கொஞ்ச நேரம் ஓட்டுங்க, நாலு ஆம்பியருக்குக் கொஞ்சம் மேல இழுக்கும், லூசான சாக்கெட்டு அஞ்சு பத்து நிமிஷத்துல சூடாகிக் காட்டிக்குடுத்துரும். மூக்கையும் பக்கத்துல கொண்டு போங்க, தீஞ்ச வாடை எத்தன வருஷம் ஆனாலும் போகாது. காதக் கிட்ட வச்சு டிரான்ஸ்ஃபார்மர் உறுமுதான்னு கேளுங்க.

இனி எர்த்து. இத தனியா சொல்லணும், ஏன்னா எவ்வளவு நல்ல கண்டிஷனரா இருந்தாலும் எர்த்து இல்லாத வீட்டுல அது பாதி ஆளு, சில நேரம் உபத்திரவம். ஒய் கெப்பாசிட்டர் லைன்லேந்தும் நியூட்ரல்லேந்தும் எர்த்துக்குப் போகுதுன்னு சொன்னேன்லா, எர்த்து கம்பி எங்கயும் போகலைன்னா பெட்டியோட தகரம் நடுவுல தொங்கும், அதாவது பாதி வோல்டேஜ்ல, 115 பக்கம். ராத்திரி செருப்பில்லாம நின்னு ஆம்ப்ளிஃபயர் ஸ்குரூவத் தொட்டா கையில எறும்பு ஊருற மாதிரி சுர்ருன்னு இருக்கும், அது இதுதான். பழைய வீடுகள்ல சாக்கெட்டுல மூணு ஓட்டை இருக்கும், எர்த்து ஓட்டைக்குப் பின்னால கம்பியே இருக்காது. மல்டிமீட்டர வச்சு லைனுக்கும் எர்த்துக்கும் பாருங்க, 230 பக்கம் வரணும், நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் ரெண்டு மூணு வோல்ட்டுக்குள்ள இருக்கணும். கூட இருந்தா கண்டிஷனர் காச எடுத்து எர்த்து அடிக்க ஆளக் கூப்பிடுங்க, பைப்பு, கரி, உப்பு, நல்ல எலக்ட்ரீசியன், அவ்வளவுதான். கோடையில எர்த்து குழியில ரெண்டு குடம் தண்ணி ஊத்துறது எங்க அம்மா வேல, செடிக்கு ஊத்துறப்ப அதுக்கும் சேத்து ஊத்திருவாங்க.

கண்டிஷனரால தடுக்க முடியாத ஒண்ணு, நியூட்ரல் கட். கம்பத்துல நியூட்ரல் அறுந்தா ரெண்டு ஃபேஸுக்கு நடுவுல உள்ள 400 வோல்ட் வரைக்கும் வீட்டுக்குள்ள வந்துரலாம், அது நொடியில போற ஸ்பைக் இல்ல, நின்னு அடிக்கிற வெள்ளம், ஆத்தையே குளத்துக்குள்ள திருப்பி விட்ட மாதிரி, எம்ஓவி வழிஞ்சு வழிஞ்சு சூடாகி செத்துரும். அதுக்கு வோல்டேஜ் கூடினா லைனையே அறுத்து விடுற கட்-ஆஃப் வேணும், சில கண்டிஷனர்ல அது உள்ளயே இருக்கு, இல்லன்னா மீட்டர் பக்கத்துல தனியா ஒண்ணு போட்டுக்கிடலாம், மொத்த வீட்டுக்கும் பிரயோஜனம். அதே மாதிரி நேர் இடிக்கும் எந்தப் பெட்டியும் தாங்காது, கேபிள் டிவி ஒயரு, நெட் ஒயரு வழியாவும் அது உள்ள வரும், மேகம் கூடினா எல்லாத்தையும் உருவிருங்க.

இன்வெர்ட்டர் இருக்க வீட்டுல ஒரு சின்ன கவனம். சதுர அலை இன்வெர்ட்டர்னா கண்டிஷனர அதுல ஓட்டாதீங்க, அந்த அலையோட கூரான முனையில எக்ஸ் கெப்பாசிட்டர் சூடாகும், ஆம்ப் டிரான்ஸ்ஃபார்மரும் உறுமும். சைன் அலை இன்வெர்ட்டர்னா பயமில்ல.

பாட்டு நல்லாருக்குமான்னு கேப்பீங்க. எனக்குத் தெரிஞ்ச வரைக்கும், லைன்ல குப்ப கூட இருக்க வீட்டுல ஸ்பீக்கர்லேந்து வர்ற மெல்லிசான சரசரப்பு கொறையும், பக்கத்து வீட்டு மிக்சி சத்தம் ரெக்கார்டு போட்டுக் கேக்கும்போது ஏறுறது கொறையும், அதுக்கு மேல யாராவது "பாடுறவங்க மூச்சு விடுறது கேக்குது"ன்னு சொன்னா நான் சிரிச்சுட்டு டீயக் குடிப்பேன். ம்ம்முன்னு விடாம அடிக்கிற ஹம் பெரும்பாலும் கிரவுண்ட் லூப்பு, அதாவது பெட்டிங்களோட எர்த்து ரெண்டு வழியாச் சேந்து வளையமாகுறது, கண்டிஷனர் வாங்கினா போகாது, செட்-டாப் பாக்ஸ் கேபிள உருவிப் பாருங்க, நின்னா அதுதான் ஆளு. பெரிய பவர் ஆம்ப் வச்சிருந்தா சின்ன கண்டிஷனர் வழியா ஓட்டி அதோட மூச்சப் பிடிக்காதீங்க, 16 ஆம்பியர் சாக்கெட்டுல நேரா குடுங்க, மத்த சின்ன பெட்டிங்க மட்டும் கண்டிஷனர்ல இருக்கட்டும்.

மைக்செட் அண்ணாச்சி பெட்டி இப்பவும் என்கிட்டதான் ஓடுது, ரெண்டு புது 20டி471கே போட்டு, தெர்மல் ஃபியூஸும் மாத்தி. முன்னால உள்ள ரெண்டு லைட்டுல ஒண்ணுதான் எரியும், கரண்டு கம்மியான சாயங்காலத்துல ரெக்கார்டு உறையில உள்ள பொடி எழுத்தப் படிக்க நானும், ஸ்டேண்டுக்கு அடியில விழுந்த கம்மல் திருகாணியத் தேட என் வீட்டுக்காரியும் அத இழுத்து வச்சிக்கிடுவோம்.